கொழுக்குமலை விடியல் படமும் டார்க்டேபிள் டோன் ஈக்வலைசரும்: யூஸ் பண்ணி பாத்த அனுபவம்

போன டிசம்பர்ல கொழுக்குமலை போயிருந்தோம். மூணாறு பக்கத்துல இருக்க சூரியநெல்லில ராத்திரி தங்கிட்டு காலைல நாலரை மணிக்கு ஜீப் ஏறி, பூரா கல்லா கெடக்குற அந்த ரோட்டுல குலுங்கி குலுங்கி மேல போய் சேரும்போது கிழக்கு லேசா வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. கீழ போடி, தேனி பக்கம் ஒன்னுமே தெரியல, பால் பொங்கி அப்படியே நின்ன மாதிரி மேகம், அதுக்குள்ள இருந்து தூரத்து மலை முகடு மட்டும் ஒன்னு பின்னாடி ஒன்னா நீட்டிட்டு நிக்குது. நம்ம காலடில தேயிலை சரிவு, அதுல வளைஞ்சு வளைஞ்சு நாங்க ஏறி வந்த அந்த ஜீப் ரோடு. டிரைவர் தம்பி பக்கத்துல வந்து "அண்ணே, கேமராவ ரெடி பண்ணிக்கங்க, சூரியன் மேல வந்துருச்சுன்னா கண்ணு கூசும், அப்புறம் ஒன்னும் எடுக்க முடியாது"ன்னு சொன்னாரு. சொன்ன மாதிரியே பத்து நிமிஷம் தான் கெடச்சுது.

சூரியனைச் சுத்தி இருக்க வானம் வெளுத்து போயிடக்கூடாதுன்னு எக்ஸ்போஷர (கேமராக்குள்ள விடுற வெளிச்சத்த) நல்லா கொறச்சு ரா ஃபைலா, அதாவது கேமரா சென்சார் பதிஞ்சத அப்படியே வச்சிருக்க ஃபைலா எடுத்தேன். மூணு எக்ஸ்போஷர் எடுத்து ஒட்டலாமேன்னு கேப்பீங்க, மேகம் ஓடிக்கிட்டே இருக்குங்க, ஒரு ஃப்ரேம்ல இருக்க மேகம் அடுத்த ஃப்ரேம்ல அங்க இருக்காது, ஒட்டுனா ஓரம் எல்லாம் பிசிறடிக்கும். அதனால ஒரே ஷாட். வீட்டுக்கு வந்து லேப்டாப்ல திறந்தா வானமும் மேகமும் பிரமாதம், ஆனா கீழ மூணுல ஒரு பங்கு தேயிலை சரிவு முழு இருட்டு. அம்மா எட்டி பாத்துட்டு "ஏன்டா, பாதி படத்துக்கு கரி பூசி வச்சிருக்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு வேண்டியதே அந்த இருட்டுக்குள்ள தான் இருந்துச்சு, அந்த ரோடு.

முதல்ல எல்லாரும் பண்றது தான் நானும் பண்ணேன், ஷேடோஸ் ஸ்லைடர புடிச்சு கடைசி வரைக்கும் இழுத்தேன். சரிவு தெரிஞ்சுது, ஆனா சாம்பல் தூவுன மாதிரி தெரிஞ்சுது. தேயிலைச் செடிக்கும் செடிக்கும் நடுவுல இருக்க அந்த கருப்பு கோடு இருக்கே, அது தான் சரிவுக்கு உருவத்த குடுக்குறது, அது போச்சு. கூடவே நிழல்ல இருந்த மேகமும் சேந்து வெளுத்து, ஆழமே இல்லாம ஒரு வெள்ளத்துணி மாதிரி ஆயிடுச்சு. கான்ட்ராஸ்ட் ஏத்துனா மறுபடி சரிவு இருட்டுக்கு போகுது, கொறச்சா மேகம் சாகுது. ரெண்டு நாள் இதே தான்.

அப்புறம் தான் டார்க்டேபிள்ல இருக்க டோன் ஈக்வலைசர உக்காந்து ஒழுங்கா படிச்சேன். அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா அந்த சாஃப்ட்வேர் என் லேப்டாப்ல இருக்கு, இந்த மாட்யூல (அதுல ஒவ்வொரு டூலுக்கும் மாட்யூல்னு தான் பேரு) திறந்து பாத்துட்டு புரியாம மூடி வச்சிருந்தேன். இந்த ரிவ்யூ அந்த ஒரு மாட்யூல பத்தி தான் முக்கியமா, ஏன்னா லேண்ட்ஸ்கேப் எடுக்குறவங்களுக்கு அந்த ஒன்னுக்காகவே இந்த சாஃப்ட்வேர இறக்கி வைக்கலாம்னு நெனைக்கிறேன்.

தெரியாதவங்களுக்கு: டார்க்டேபிள் ரா ஃபைல் எடிட் பண்ற சாஃப்ட்வேர், முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். 2009ல ஆரம்பிச்சது. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூணுலயும் ஓடும். விண்டோஸுக்கு 2017 டிசம்பர்ல வந்த 2.4 வெர்ஷன்ல இருந்து தான் கெடைக்குது. டோன் ஈக்வலைசர் 2019 டிசம்பர்ல வந்த 3.0ல சேந்துச்சு, எழுதுனவர் ஆரேலியன் பியர். இப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவ புது வெர்ஷன் விடுறாங்க, வருஷ நடுவுல ஒன்னு, கிறிஸ்மஸ் சமயத்துல ஒன்னு. நீங்க ஒரிஜினல் ஃபைல்ல எதையும் தொட மாட்டீங்க, பண்ண மாத்தமெல்லாம் பக்கத்துலயே எக்ஸ்எம்பின்னு ஒரு சின்ன ஃபைல்ல போய் உக்காந்துக்கும். அந்த ஃபைல மட்டும் மறக்காம பேக்கப் எடுங்க.

சரி, இது என்ன பண்ணுது? வீட்டுல பழைய டெக் செட் இருந்தவங்களுக்கு சட்டுன்னு புரியும். அதுல முன்னாடி வரிசையா குச்சி மாதிரி ஸ்லைடர் இருக்கும், பேஸ் தனி, நடு தனி, ட்ரெபிள் தனி. பாட்டு மொத்தத்துக்கும் வால்யூம் ஏத்தாம தவில் சத்தத்த மட்டும் தூக்கலாம், நாதஸ்வரத்த தொடாம விடலாம். அதே தான் இங்க வெளிச்சத்துக்கு. படத்துல இருக்க வெளிச்சத்த −8 ஈவில இருந்து 0 ஈவி வரைக்கும் 9 பட்டையா பிரிச்சு வச்சிருக்காங்க. ஒரு ஈவின்னா ஒரு ஸ்டாப், வெளிச்சம் ரெண்டு மடங்கு. அப்ப −8ல இருக்கது 0ல இருக்கதுல 256ல ஒரு பங்கு வெளிச்சம் தான். ஒவ்வொரு பட்டையவும் தனியா 2 ஸ்டாப் வரைக்கும் ஏத்தலாம், 2 ஸ்டாப் வரைக்கும் இறக்கலாம்.

இது வரைக்கும் கேட்டா எல்லா எடிட்டிங் சாஃப்ட்வேர்லயும் இருக்க, கோட்ட வளைச்சு வெளிச்சத்த மாத்துற சாதா கர்வ் தானேன்னு தோணும். இல்லங்க, வித்தியாசமே இங்க தான். கர்வ் ஒவ்வொரு பிக்ஸலையும் தனித்தனியா பாக்கும். செடியோட நுனி கொஞ்சம் வெளிச்சம், அடில இருக்க சந்து இருட்டு, கர்வ் சந்த ஜாஸ்தி தூக்கும், நுனிய கம்மியா தூக்கும், ரெண்டும் கிட்ட கிட்ட வந்துரும், அதனால தான் சாம்பல் பூத்த மாதிரி ஆகுது. டோன் ஈக்வலைசர் அப்படி பண்ணாது. முதல்ல படத்த மங்கலாக்கி ஒரு மாஸ்க் செய்யுது, எந்த எடம் எவ்ளோ வெளிச்சம்னு காட்டுற ஒரு வரைபடம் மாதிரி, அதுல தேயிலை சரிவு மொத்தமும் ஒரே இருட்டுத் திட்டு. அந்த திட்டுக்கு எவ்ளோ ஏத்தணும்னு மட்டும் முடிவு பண்ணிட்டு நுனியவும் சந்தையும் ஒரே மடங்குல தூக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் அப்படியே நிக்கும். சரிவு தெளியும், ஆனா செடி செடியா தான் தெரியும். நான் முதல் தடவ இத சரியா செட் பண்ணி பாத்தப்ப அந்த கருப்பு கோடுங்க அப்படியே இருக்க மொத்த சரிவும் மெல்ல பச்சையா எழுந்து வந்துச்சு பாருங்க, ராத்திரி பதினோரு மணி, சத்தமா "ஆஹா"ன்னுட்டேன்.

ஆனா ஒன்னு, மாட்யூல ஆன் பண்ண உடனே ஸ்லைடர தொடாதீங்க. நான் ஒரு வருஷம் புரியாம விட்டதுக்கு காரணமே இந்த வரிசை தெரியாதது தான். முதல்ல எக்ஸ்போஷர் மாட்யூல்ல படத்தோட நடு வெளிச்சம் சரியா இருக்கான்னு பாத்து வச்சுக்கணும், வானம் வெளுத்தா கவலப்படாதீங்க, அத பின்னாடி ஃபில்மிக்கோ சிக்மாய்டோ பாத்துக்கும், மொத்த வெளிச்சத்தையும் ஸ்க்ரீன் காட்டக்கூடிய அளவுக்கு அடக்குற மாட்யூலுங்க அது. அப்புறம் டோன் ஈக்வலைசர்ல மாஸ்கிங் டேபுக்கு போகணும். அங்க மாஸ்க் எக்ஸ்போஷர், மாஸ்க் கான்ட்ராஸ்ட்னு ரெண்டு இருக்கு, ஒவ்வொன்னு பக்கத்துலயும் ஒரு மந்திரக்கோல் ஐகான். ரெண்டையும் மாத்தி மாத்தி ஒன்னு ரெண்டு தடவ அமுக்குங்க. இது எதுக்குன்னா, உங்க படத்தோட ஹிஸ்டோகிராம் (எந்த வெளிச்சத்துல எவ்ளோ பிக்ஸல் இருக்குன்னு காட்டுற வரைபடம்) சில நேரம் எல்லாம் ஒரு ஓரத்துல குவிஞ்சு கெடக்கும், அப்ப 9 பட்டைல ரெண்டு பட்டை தான் வேலை செய்யும், மிச்சம் ஏழ இழுத்தாலும் படத்துல ஒன்னும் அசையாது. மந்திரக்கோல் அத 9க்கும் பரப்பி விடும். என் படத்துக்கு இத பண்ண அப்புறம் தேயிலை சரிவு −7, −6ல வந்து நின்னுச்சு, நிழல்ல இருந்த மேகம் −4 பக்கம், வெயில் பட்ட மேகம் −2, சூரியன சுத்தி வானம் −1ல இருந்து 0 வரைக்கும்.

அடுத்து மாஸ்க காட்டுற பட்டன அமுக்கி பாருங்க. படம் கருப்பு வெள்ளையா மாறும். அதுல பாக்க வேண்டியது ஒன்னே ஒன்னு தான், திட்டுக்கு உள்ள மங்கலா இருக்கணும், திட்டோட ஓரம் மட்டும் கத்தி மாதிரி இருக்கணும். உள்ள ஒவ்வொரு இலையும் தெரிஞ்சா மாஸ்க் ரொம்ப கூர்மையா இருக்குன்னு அர்த்தம், அப்ப இது சாதா கர்வ் மாதிரி நடந்துக்கும். ஓரம் மங்கலா இருந்தா ஹேலோ வரும், அதாவது ஓரத்த சுத்தி ஒரு வெளிச்சக் கோடு.

அந்த ஹேலோ தான் எனக்கு ரொம்ப நேரம் எடுத்துச்சு. முதல் எடிட்ல சரிவு எல்லாம் அழகா வந்துருச்சு, முடிஞ்சுதுன்னு எக்ஸ்போர்ட் பண்ணி ஃபோன்ல பாத்தா, இடது பக்கம் இருக்க மலை முகடுக்கு மேல வானத்துல வெள்ளையா ஒரு கோடு, யாரோ மலைய கத்திரிச்சு ஒட்டுன மாதிரி. லேண்ட்ஸ்கேப்ல மலையும் வானமும் சேர்ற அந்த கோடு தான் எடிட்டிங்க காட்டிக் குடுக்குற இடம், படத்துல வேற எத தப்பா பண்ணாலும் கண்ணு மன்னிச்சுரும், இத மன்னிக்காது. திரும்ப போய் மாஸ்கிங் டேப்ல எட்ஜஸ் ரிஃபைன்மென்ட் ஸ்லைடர கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனேன், அது ஏற ஏற மாஸ்க் ஓரத்த இறுக்கி புடிக்கும். ஸ்மூத்திங் டயாமீட்டர கொஞ்சம் கொறச்சேன். 100 சதவீதம் ஜூம் வச்சு முகட்டு மேலயே கண்ண வச்சுக்கிட்டு பண்ணேன், கோடு கரைஞ்சு போச்சு. ப்ரிசர்வ் டீடெய்ல்ஸ்ங்கிற எடத்துல ஈஐஜிஎஃப்னு (eigf) மாஸ்க மங்கலாக்குற முறை ஒன்னு டிஃபால்ட்டா இருக்கும், அத மாத்தாதீங்க, இருட்டுத் திட்டையும் வெளிச்சத் திட்டையும் அது ஒரே மாதிரி நடத்தும்.

இப்ப தான் ஜாலியான பகுதி. ஸ்லைடர் பக்கமே போக வேண்டாம். மாட்யூல் திறந்திருக்கும்போது மவுஸ படத்து மேல கொண்டு போனா ஒரு சின்ன வட்டம் வரும், அந்த எடம் எத்தன ஈவில இருக்குன்னு அதுலயே காட்டும். அங்கயே வச்சு வீல உருட்டுனா அந்த வெளிச்சத்துல இருக்க எடமெல்லாம் ஏறும், இறங்கும். சரிவு மேல வச்சு மேல உருட்டுனேன், மேகத்து மேல வச்சு துளி கீழ உருட்டுனேன். படத்த பாத்துக்கிட்டே பண்ணலாம், நம்பர பாக்கத் தேவையில்ல. கடைசில போய் பாத்தப்ப −7லயும் −6லயும் ஒரு ஸ்டாப் கிட்ட ஏறியிருந்துச்சு, −5ல அரை ஸ்டாப், −4 அப்படியே இருந்துச்சு, −2ல கால் ஸ்டாப் இறக்கம், −1ல அரை ஸ்டாப் இறக்கம். ஏறி இறங்குறது ஒரு படிக்கட்டு மாதிரி மெதுவா போகணும். பக்கத்து பக்கத்து பட்டைல ஒன்னுல ஒன்றரை ஸ்டாப் ஏத்தி அடுத்ததுல ஒரு ஸ்டாப் இறக்குனா, இருட்டா இருந்தது வெளிச்சமா இருந்தத விட வெளிச்சமா ஆயிடும். அப்புறம் அந்த படத்துல வெயில் எங்க இருந்து வருதுன்னே தெரியாது.

இத நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிறேன். விடியக்காலைல அந்த எடத்துல நின்னவன் கண்ணுக்கு முதல்ல பட்டது மேகத்து விளிம்புல ஓடுன அந்த வெளிச்சம், அப்புறம் முகடுங்க, கண்ணு பழகுன அப்புறம் தான் கீழ ரோடு தெரிஞ்சுது. படத்துலயும் அந்த வரிசை மாறக்கூடாது. சரிவ எவ்ளோ வேணா தூக்கலாம், சாஃப்ட்வேர் விடும், ஆனா மேகத்த விட அது முன்னாடி வந்து நின்னுச்சுன்னா அது விடியல் இல்ல, மத்தியானம். ஒரு ஸ்டாப்போட நான் நிறுத்துனதுக்கு காரணம் அது தான்.

இந்த வேலை புதுசு இல்ல, இருட்டறைல பிரிண்ட் போட்ட காலத்துல இருந்து நடக்குறது. பேப்பர் மேல வெளிச்சம் விழும்போது கையாலயோ அட்டையாலயோ ஒரு எடத்த மறைச்சா அங்க வெளுப்பா வரும், இன்னொரு எடத்துக்கு ஜாஸ்தி வெளிச்சம் விட்டா கருக்கும், டாட்ஜிங், பர்னிங்னு சொல்லுவாங்க. ஆன்செல் ஆடம்ஸ்னு பேர் போன லேண்ட்ஸ்கேப் ஃபோட்டோகிராஃபர் 1941ல அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்து ஹெர்னான்டஸ் கிராமத்துல நிலா எழும்புறத எடுத்த படத்த பல வருஷம் கழிச்சு போட்ட பிரிண்ட்டோட ஆரம்ப பிரிண்ட்ட பக்கத்துல வச்சு பாத்தா, ஒரே நெகட்டிவ், ஆனா பின்னாடி வந்ததுல வானம் கிட்டத்தட்ட முழு கருப்பு. அவரும் ஃப்ரெட் ஆர்ச்சரும் சேந்து உருவாக்குன ஸோன் சிஸ்டம் வெளிச்சத்த 0ல இருந்து 10 வரைக்கும் படியா பிரிச்சு யோசிக்க சொல்லிக் குடுத்துச்சு. டோன் ஈக்வலைசர்ல அந்த 9 பட்டைய பாக்குறப்ப எனக்கு அது தான் ஞாபகம் வருது.

சரி, இதோட முடியாத எடம் ஒன்னு இருக்கு, அதையும் சொல்லணும். இந்த டூலுக்கு வெளிச்சம் மட்டும் தான் தெரியும், எடம் தெரியாது. என் படத்துல வலது ஓரம் தூரத்து மலை ஒன்னு, அதுவும் −6ல தான் இருந்துச்சு. சரிவ தூக்குனப்ப அதுவும் கூடவே எழுந்து மேகத்தோட கலந்து வெளிறிப் போச்சு. எனக்கு அது கருப்பு உருவமாவே வேணும். இங்க தான் இன்னொரு வகை மாஸ்க் வருது, மாட்யூல் எந்த எடத்துல மட்டும் வேலை செய்யணும்னு நாமளே சொல்றது. டார்க்டேபிள்ல கிட்டத்தட்ட எல்லா மாட்யூலுக்கும் அடில மாஸ்க் போடுற வசதி இருக்கு. டோன் ஈக்வலைசர்லயே கீழ டிரான் மாஸ்க்ல (கையால வரையிற மாஸ்க்) கிரேடியன்ட் எடுத்து, சரிவு முடியுற எடத்துல சாய்வா வச்சேன், கோட்டுக்கு கீழ மட்டும் வேலை செய்யும், மேல போகப் போக மெதுவா ஓய்ஞ்சுரும். தூரத்து மலை பழையபடி இருட்டுக்கு திரும்பிருச்சு. மேகத்துக்கும் வானத்துக்கும் அதே மாட்யூல இன்னொரு இன்ஸ்டன்ஸா, அதாவது ரெண்டாவது காப்பியா போட்டு தனியா பண்ணேன். வெயில் பட்ட மேக விளிம்புக்கு மட்டும் துளி சூடான கலர் வேணும்னு கலர் பேலன்ஸ் ஆர்ஜிபிங்கிற கலர் மாத்துற மாட்யூல்ல பேராமெட்ரிக் மாஸ்க் போட்டேன், அது கலரையும் வெளிச்சத்தையும் வச்சு எடத்த பிரிக்கும், முக்கோணம் முக்கோணமா இருக்க குறிய நகத்தி எங்க ஆரம்பிக்கணும், எங்க முடியணும்னு சொன்னா போதும். வரைஞ்சதும் பேராமெட்ரிக்கும் ரெண்டையும் சேத்தும் போடலாம். இது கை பழகிடுச்சுன்னா பிரஷ் எடுத்து ஓரம் ஓரமா தேய்க்கிற வேலையே பாதி கொறஞ்சுரும்.

கொறைன்னு பாத்தா, முதல்ல கத்துக்க நேரம் எடுக்கும். ஒரு வாரத்துல வராது, எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. மாட்யூல் பேர பாத்தே பயம் வரும், ஒரே வேலைக்கு மூணு மாட்யூல் இருக்கும், எத எடுக்கணும்னு ஆரம்பத்துல தலை சுத்தும். கம்ப்யூட்டர்ல தான் ஓடும், ஃபோன்ல கெடையாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்ல ரெண்டு மூணு இன்ஸ்டன்ஸ் போட்டா ஒவ்வொரு உருட்டலுக்கும் படம் அப்டேட் ஆக காத்திருக்கணும். இன்னொன்னு, இருட்ட தூக்குனா அதுக்குள்ள ஒளிஞ்சிருக்க நாய்ஸும் சேந்து தான் வரும், என்னோடது சின்ன சென்சார் (கிராப் சென்சார்) இருக்க பழைய கேமரா, சரிவுல கலர் கலரா புள்ளி தெரிஞ்சுது, டீநாய்ஸ் ப்ரொஃபைல்டுன்னு ஒரு மாட்யூல் இருக்கு, அத ஆன் பண்ண உடனே பெரும்பாலும் அடங்கிருச்சு. ஜேபெக்ல எடுத்துட்டு வந்து இத பண்ணாதீங்க, இருட்டுக்குள்ள தூக்குறதுக்கு அங்க ஒன்னுமே இருக்காது.

ஃபோன்ல மட்டும் எடிட் பண்றவங்களுக்கு ஸ்னாப்சீட் போதும்னு சொல்லுவேன். அதுல செலக்டிவ்னு ஒரு டூல், ஒரு எடத்துல புள்ளி வச்சு ரெண்டு விரலால வட்டத்த பெருசு சின்னதாக்கி அந்த கலருக்கு மட்டும் வெளிச்சம் ஏத்தி இறக்கலாம், அதுவும் இலவசம் தான். அடோபியோட லைட்ரூம் சாஃப்ட்வேருக்கு சந்தா கட்டி வச்சிருக்கவங்களுக்கு 2021 அக்டோபர்ல வந்த மாஸ்கிங்ல வானத்த ஒரே க்ளிக்ல பிரிச்சு எடுக்கலாம், லூமினன்ஸ் ரேஞ்ச்னு வெளிச்சத்த வச்சு பிரிக்கிற வழியும் இருக்கு, ரெண்டையும் இன்டர்செக்ட் பண்ணா, அதாவது ரெண்டுக்கும் பொதுவான எடத்த மட்டும் எடுத்தா, நான் மேல சொன்னதுக்கு கிட்ட வரும், வேகமும் ஜாஸ்தி. மாசாமாசம் காசு கட்ட முடியாத காலேஜ் பசங்க, வருஷத்துக்கு நாலு ட்ரிப் மட்டும் போறவங்க, எனக்கு சாஃப்ட்வேர் முடிவு பண்ண வேண்டாம், நானே பண்றேன்னு சொல்றவங்க, இவங்களுக்கு டார்க்டேபிள். கல்யாண ஃபோட்டோ ஆயிரம் படத்த ரெண்டு நாள்ல குடுக்கணும்னு இருக்கவங்களுக்கு இது சரிவராது.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். அரை மார்க் கொறச்சது அந்த மாஸ்கிங் டேப் கடைசி டேபா ஒளிஞ்சு கெடக்குறதுக்கு, உண்மையில அது தான் முதல்ல இருக்கணும்.

படத்த பன்னெண்டுக்கு பதினெட்டு இன்ச் சைஸ்ல பிரிண்ட் போட்டேன். ஸ்க்ரீன்ல பாக்குறத விட பேப்பர்ல இருட்டு இன்னும் இருட்டா விழும், அதனால பிரிண்ட்டுக்குன்னு தனியா ஒரு காப்பி எடுத்து −7, −6, −5 மூணுலயும் இன்னும் கால் ஸ்டாப் ஏத்தி குடுத்தேன். அம்மா ஹால்ல மாட்ட சொல்லிட்டாங்க. டிரைவர் தம்பிக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன். மேகத்த பத்தி, சூரியன பத்தி ஒரு வார்த்தை சொல்லல. படத்த பெருசாக்கி கீழ சரிவுல ஒரு வளைவ செவப்புல வட்டம் போட்டு திருப்பி அனுப்பியிருந்தாரு, "அண்ணே, இங்க தான வண்டி ரெண்டு தடவ நின்னுச்சு, நீங்க எறங்கி கல்லு வச்சீங்களே"ன்னு.